மாரிஸ் மைனருக்கு வாய்த்த குரல்

நான் எப்போது முடிப்பேன் என்று கைக்கடிகாரத்தையே நோக்கிக்கொண்டிருக்கும் நயத்தகு தலைவர் அவர்களே! பெட்ரோல் மணத்தைப் பிறவிப் பயனாகக் கொண்ட பெரியோர்களே! அந்தப் பெரியோர்களையும் அவர்களுடைய பழைய கார்களையும் பொறுத்துக்கொண்டு வாழும் தாய்மார்களே! மயிலைப் பழங்கார் அன்பர்களே! வணங்குகிறேன்.

பழைய காருக்குப் பெயின்ட் அடிக்கலாம். சீட்டுக்குத் தோல் தைக்கலாம். குரலுக்கு? குரலுக்கு எங்கே போவது?

நம் உறுப்பினர் ஷரஃபுதீனைக் கேளுங்கள். தியாகராய நகரில் துணிக்கடை; அடையாறு அடுக்குமாடியில் வீடு; கீழே ஒரு மாரிஸ் மைனர். அதன் சைலன்சர் துருப்பிடித்து உதிர்ந்தது. மனிதர் என்ன செய்தார்? உள்ளே தடுப்பே இல்லாத வெற்றுக் குழாயை மாட்டினார்! வண்டி சிங்கமாய்க் கர்ஜிக்க வேண்டுமாம்! கர்ஜித்ததா? கர்ஜித்தது! நின்ற கார்களின் அலாரமெல்லாம் அலறின. மாடிப் புறாக்கள் பாலவாக்கம் வரை பறந்தன. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த ஜொவிட்டாவின் கைக்குழந்தை வீறிட்டது. ஜொவிட்டாவின் தந்தை யார்? குடியிருப்போர் சங்கச் செயலாளர் மேத்யூ!

"பாய், ஞாயித்துக்கிழமை மீட்டிங். சத்தம் அடங்கலைன்னா வண்டி இந்த காம்பவுண்டுல நிக்காது."

வேறு இடம் ஏது? விற்பதுதான் வழி. மிரண்டுபோனவர், அடைத்துத் திணித்த ஒரு சைலன்சரை மாட்டினார். சத்தம் போயிற்று, கூடவே வண்டியின் மூச்சும் போயிற்று! புகை போக வழியின்றி, உறவினர் நிக்காஹுக்குப் போகும் வழியில், அடையாறு சிக்னலில் நின்றது. ஸ்டியரிங்கில் ஷேர்வானியோடு ஷரஃபுதீன். பின்னால் பட்டுப்புடவையோடு தள்ளியவர் அவர் மனைவி அன்வரி பேகம்!

தாய்மார்கள் கைதட்டுகிறீர்கள். தலைவர் ஏன் தலைகுனிகிறார் என்று நான் கேட்கப்போவதில்லை.

"இன்னா ஜீ, மாப்பிள்ளையாட்டம் நீங்க குந்திக்கினு கீறீங்க, நான் தள்ளிக்கினு கீறேன்! இனிமே சைலன்சர் நான் பாக்குறேன்."

பார்த்தார்! தரமணியில் மெக்கானிக் இசக்கிமுத்துவின் பட்டறை. சைலன்சர்களை ஒவ்வொன்றாய் மாட்டி, ஆக்சிலரேட்டரை மிதித்தார் இசக்கிமுத்து.

"ரேஸ் வுடாத நைனா! பந்தயத்துக்கா போறோம்? கம்முனு நிக்கசொல்ல எப்படிப் பேசுதுன்னு கேக்கணும்."

ஒன்று கடகடத்தது. "தகர டப்பா!" ஒன்று சீறியது. "சளி புடிச்சாப்ல கீது!" கடைசியில் பெரிய வயிறுள்ள ஒன்று, மெல்ல, மெத்தென்று, அடிவயிற்றிலிருந்து முனகியது. கண்மூடிக் கேட்டார் அன்வரி பேகம்.

"இத்த மாட்டு."

ஞாயிறு வந்தது. கூட்டம் கூடியது. தள்ளி நின்ற ஜொவிட்டாவின் தோளில் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. சாவியைத் திருப்பினார் ஷரஃபுதீன். வண்டி முனகியது. குழந்தை அழுகையை நிறுத்தியது. கேட்டது. கொட்டாவி விட்டது!

"சரி, ஆஃப் பண்ணுங்க பாய்," என்றார் மேத்யூ.

அணைத்தார். குழந்தை மறுபடி வீறிட்டது.

"அப்பா, நீங்க சும்மா இருங்க! அங்கிள், ஸ்டார்ட் பண்ணுங்க!"

தீர்மானம் தூங்கியது, குழந்தையும் தூங்கியது! வண்டி தங்கியது. சாவி மட்டும் இப்போது அன்வரி பேகத்தின் கைப்பையில்!

ஆகவே அன்பர்களே! எந்தச் சைலன்சர் என்று தெருவைக் கேட்காதீர்கள்! வேடிக்கை பார்ப்பவனைக் கேட்காதீர்கள்! உங்களோடு ஒரே சுவருக்குள் வாழ்கிறார்களே, அவர்கள் காதைக் கேளுங்கள்! பெருமைக்கு உறுமும் வண்டி விலைக்குப் போகும். பிரியத்தோடு முனகும் வண்டி வீட்டோடு இருக்கும்!

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், இன்னும் மைக்கை அணைக்காத ஒலிபெருக்கி அன்பருக்கும் நன்றி. பந்தியில் பிரியாணி ஆறுகிறது. வணக்கம்!