பிழைத்தவர்கள் எத்தனை பேர்

எண்பத்தேழாம் வருஷமோ எண்பத்தெட்டோ இருக்கும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் காலை பஸ்ஸில் ஒருத்தர் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். கொலை, கொள்ளை, மில் மூடல், ஒன்றையும் விடவில்லை. இவரை எவன் படிக்கச் சொன்னான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஆலங்குளத்துக்கிட்ட வேன் கவுந்து மூணு பேரு சாவு. நாடு எங்க உருப்படப் போகுது?"

எதிர்ச் சீட்டில் மடியில் துணிப்பையோடு இருந்த பெண் திரும்பினாள்.

"அண்ணாச்சி, செத்தவிய இருக்கட்டும். பொழைச்சவிய எத்தனை பேருன்னு வாசிங்க."

"அது எதுக்கும்மா உனக்கு?"

"வாசிங்களேன்."

அவர் வரியைத் தேடினார். "பதினோரு பேருக்குக் காயம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில சேத்திருக்காவ."

"பேரு போட்டிருக்கா?"

"ஒருத்தர் பேரும் போடல. ஏம்மா, தெரிஞ்சவியளா?"

"எங்க வீட்டுக்காரரு அந்த வேன்லதான் போனாவ."

அவர் செய்தித்தாளை மடித்துவிட்டார்.

"ஏன் மடிக்கீய? செத்தவிய மூணு பேரு, பொழைச்சவிய பதினோரு பேரு. நல்ல சேதிதான சொன்னீய?"

அவர் அவள் மடியைப் பார்த்தார். "பையில என்னம்மா?" என்றார்.

"அவியளுக்குச் சட்டையும் வேட்டியும். போட்டிருந்தது கிழிஞ்சிருக்கும்லா? வீட்டுக்கு வாரப்ப எதைப் போட்டுட்டு வருவாவ?"

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் அவள்தான் முதலில் எழுந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது பையின் வாய் திறந்திருந்தது. சட்டையை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தாள்.