வெள்ளைச் சேலையில் குத்த வந்த மெடல்

1962 செப்டெம்பர் 17, திங்கட்கிழமை, முற்பகல். தமிழ் எழுத வாசிக்கத் தெரிந்த பொலிஸ் சார்ஜன்ட் சூசைரட்ணம் அவர்களால் பதியப்பட்டது.

பெயர்: அமிர்தநாதன் பெற்றீசியா. மேடைப் பெயர்: மனோரஞ்சிதம். வயது: 31. மதம்: கத்தோலிக்கம். தொழில்: நாடக நடிகை. இந்த இடத்தில் முதலில் 'தொழில் இல்லை' என்று எழுதப்பட்டு, நான் சத்தம் போட்டதன் பேரில் திருத்தப்பட்டது. விலாசம்: லோர்ன்ஹில் தோட்டம், கீழ்ப்பிரிவு, மூன்றாவது லயம், பூண்டுலோயா. பிரஜாவுரிமை: இல்லை. நான் பிறந்தது இந்த லயத்து வரிசை வீட்டில்தான், என் தாய் பிறந்ததும் இதே தோட்டத்தில்தான். பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டோம், தள்ளிவிட்டார்கள்.

நேற்று மாலை எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நடந்த நாடகத்தின்போது, ஹட்டனில் புடவைக்கடை வைத்திருக்கும் வைத்திலிங்கம் முதலாளியின் வலது கையில் நான் மெடல் ஊக்கைக் குத்திவிட்டேன் என்று முறைப்பாடு. ஊக்கு குத்தியது உண்மை. கை தவறிப் பட்டது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் முறைப்பாட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறார். சொல்லாவிட்டால் வழக்கு, அத்தோடு இனி எனக்கு மேடையும் கிடையாது. ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் எதையும் விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும் என்று சார்ஜன்ட் அவர்களைக் கேட்டுக்கொண்டேன்.

1948ஆம் ஆண்டு நத்தாருக்கு, யேசு பிறந்த நாளில், எங்கள் கோயில் நாடகத்தில் நான் இறக்கை கட்டிச் சம்மனசு வேடம் போட்டேன். அதைப் பார்த்த நாடகக் கம்பனி லெட்சுமணன் மாஸ்டர் வீட்டுக்கு வந்து கேட்டார். அதுவரைக்கும் அவருடைய கம்பனியில் பெண் வேடம் எல்லாம் அழகன் என்பவர்தான் மீசையை மழித்துக்கொண்டு ஆடுவார். என் தகப்பனார் அமிர்தநாதன் தொழிற்சாலையில் தேயிலை அரைக்கும் மெஷினில் வேலை செய்தவர். அவர் மாஸ்டரை வாசலோடு அனுப்பிவிட்டார். அதன் பின்னர் என் தாய் மார்கிரட்டும் நானும் மூன்று மாதம் அவரோடு மல்லுக்கட்டினோம். கடைசியில், "போ, ஆனா எம் பேரப் போட்டுக்காத" என்றார். மேடைப் பெயர் அப்படித்தான் வந்தது.

முதல் நாடகத்தில் என்மேல் வாழைப்பழத்தோலை வீசினார்கள். "கூத்தாடிச்சி" என்று லயத்துப் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள். அதன் பின்னர் பதினான்கு வருடமாக ஹட்டன், பூண்டுலோயா, பட்டிப்பொல வரைக்கும் நான் ஏறாத மேடை இல்லை. பட்டிப்பொலயில் பனியில் குரல் கட்டி, சுடுதண்ணீரைக் குடித்துக்குடித்து ராணி வேடம் கட்டியிருக்கிறேன். கொழும்பு வானொலியில் இரண்டு நாடகத்தில் குரல் கொடுத்தேன். வானொலியில் எவனும் ஏறிவந்து மெடல் குத்த முடியாது. அதனால் அங்கே நிம்மதியாக நடித்தேன்.

மெடல் விசயத்தைச் சார்ஜன்ட் அவர்கள் கேட்டபடியால் விளக்கமாகச் சொல்கிறேன். நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே பெரிய மனிதர்கள் மேடைக்கு ஏறி வந்து, பிடித்த நடிகருக்கு மாலை போட்டு, சட்டையில் மெடல் குத்திவிட்டு இறங்குவார்கள். அதுவரைக்கும் நாங்கள் நடிப்பை நிறுத்திவிட்டு நிற்க வேண்டும். ஆண் நடிகருக்குக் கையில் கொடுத்தாலும் கொடுப்பார்கள். எனக்குக் குத்தத்தான் வேண்டும்.

வைத்திலிங்கம் முதலாளி எங்கள் கம்பனிக்குத் திரைச்சீலையும் லைட்டும் கொடுப்பவர். ஐந்து வருடமாக எனக்கு மெடல் குத்துகிறார். முதல் வருடம் தோளில் குத்தினார். அதன் பின்னர் அவருடைய கை ஒவ்வொரு நாடகத்துக்கும் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. இதில் இன்னொரு கேவலம் என்னவென்றால், ஐந்து வருடமும் அது ஒரே மெடல். நாடகம் முடிந்ததும் மாஸ்டர் அதைக் கழற்றிக் கொண்டுபோய் முதலாளியிடமே கொடுத்துவிடுவார். "மனோரஞ்சிதத்துக்குப் பவுன் மெடல்" என்று ஒலிபெருக்கியில் கத்துவார்கள். பவுனும் இல்லை, எனக்கும் இல்லை. குட்டக் குட்டக் குனிகிறவளும் முட்டாள் என்பார்கள். ஐந்து வருடம் நான் அந்த முட்டாளாகத்தான் இருந்தேன்.

நேற்றைய நாடகத்தில் எனக்கு விதவை வேடம். புருசனின் பிணத்தின்மேல் விழுந்து ஒப்பாரி வைக்கும் காட்சி ஒன்று உண்டு. மாஸ்டர் எழுதிக் கொடுத்த பாட்டு எனக்கு வாயில் ஏறவில்லை. 1955ஆம் ஆண்டு என் தகப்பனார் இறந்தபோது என் தாய் எங்கள் காம்பரா அறையில் அவர் தலைமாட்டில் இருந்து வைத்த ஒப்பாரியைத்தான் நான் மேடையில் வைத்தேன். மாரடித்து அழக்கூடாது என்று கோயிலில் சொல்லியிருந்தும் என் தாய் நிறுத்தவில்லை. அது இப்படி:

ஊதுற சங்கு கேட்டு – நீங்க
ஒருநாளும் தூங்கலையே
இன்னைக்கு ஊதுது மெஷின் சங்கு – ராசா
எந்திரிக்க மாட்டீகளோ

இந்தப் பாட்டுக்கு அழாத தோட்டத்துப் பெண்ணை நான் பார்த்ததில்லை. தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எழும்பி வேலைக்கு ஓடுகிறவர்கள் எல்லாரும். அதனால் ஒத்திகையின்போதே மாஸ்டரிடம் நான் திட்டமாகச் சொன்னேன்: "இந்த சீன்ல மட்டும் முதலாளிய மேல ஏத்தாதீங்க. ஒப்பாரி முடியட்டும். அப்புறம் கையில குடுக்கச் சொல்லுங்க, வாங்கிக்கிறேன்." அதற்கு மாஸ்டர், "அவரு இல்லாம லைட்டு ஏதும்மா? நீ கண்டுக்காத, நான் சொல்லிப் பாக்குறேன்" என்றார். சொன்னாரோ இல்லையோ எனக்குத் தெரியாது.

நேற்று மாலை மடுவம் நிரம்பி வழிந்தது. பெண்கள் முன்னால் சாக்கு விரித்து இருந்தார்கள். என் தாயும் அங்கேதான் இருந்தார். பிணமாக மூக்கன் என்னும் நடிகர் படுத்திருந்தார். நான் வெள்ளைச் சேலையில் தலைவிரிகோலமாக வந்து, அவர் காலடியில் விழுந்து, "ஒருநாளும் தூங்கலையே" என்று இரண்டாவது அடியை இழுத்தேன். முன்னால் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். என் தாய் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் முதலாளியின் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

அவர் மேடைக்கு ஏறி வந்தார். பிணத்தைச் சுற்றி வர அவருக்குப் பொறுமை இல்லை. தாண்டப் போய் மூக்கனின் கையை மிதித்துவிட்டார். மூக்கன் "ஐயோ கையி!" என்று எழும்பி உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்ற ஆம்பிளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் தகப்பனுக்கு என் தாய் அழுத அழுகை அங்கே சிரிப்பாய்ச் சிரித்தது. அப்போதும் நான் கையை நீட்டி, "கையில குடுங்க முதலாளி, நான் தாலி அறுத்தவளா நிக்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, "வெள்ளச் சேலையிலதான் மெடல் எடுப்பா இருக்கும்" என்று சொல்லி, ஊக்கைத் திறந்துகொண்டு என் மார்புக்குக் கையைக் கொண்டுவந்தார்.

நான் இடது கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். வலது கையால் மெடலைப் பிடுங்கினேன். அதன் பின்னர் அவருடைய பெருவிரலுக்குக் கீழே உள்ள சதையில் ஊக்கை அடிமட்டும் இறக்கினேன். மெடல் அவர் கையிலேயே தொங்கியது.

முதலில் எல்லாரும் அதையும் நாடகம் என்று நினைத்தார்கள். அவர் போட்ட சத்தத்தில்தான் விளங்கியது. சிரித்த ஆம்பிளைகள் அடங்கிவிட்டார்கள். அதன் பின்னர் முன்வரிசைப் பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி தட்ட, பக்கத்தில் இருந்தவள் தட்ட, சாக்கில் இருந்த எல்லாரும் எழும்பி நின்று தட்டினார்கள். மாஸ்டர் ஓடிவந்து திரையை இறக்கிவிட்டார். மற்ற இரண்டு அடியையும் நான் பாடவில்லை.

இன்று காலை மாஸ்டர் எங்கள் லயத்துக்கு வந்தார். "கை தவறிடுச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு தாயி. அடுத்த மாசம் ஹட்டன்ல உனக்குத்தான் மெயின் வேசம். இல்லாட்டி அழகனுக்கு மீசைய மழிக்கச் சொல்லிட்டு நான் போயிக்கிட்டே இருப்பேன்" என்றார். பிரஜாவுரிமை இல்லாதவள்மேல் கேஸ் விழுந்தால் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்று முதலாளி சொன்னதாகவும் சொன்னார். முதலாளியின் தகப்பனார் எந்தக் கப்பலில் வந்தார் என்று கேட்டுச் சொல்லும்படி நான் சொன்னேன்.

இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன், பொலிசுக்கு நடந்து வரும்போது என் மனது ஆடியது. பதினான்கு வருடம் நாய் படாத பாடு பட்டுப் பிடித்த மேடை. ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைத்தால் என்ன என்று நினைத்தேன். மேடையில் நான் சொல்லாத பொய்யா?

அப்படி நினைத்துக்கொண்டு வந்து பார்த்தால், இந்த நிலையத்து வாசலில் எங்கள் தோட்டத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வேலைக்குப் போகாமல் நிற்கிறார்கள். இப்போதும் நிற்கிறார்கள், சார்ஜன்ட் அவர்கள் ஜன்னலால் பார்த்துக்கொள்ளலாம். அவர்களில் ராக்காயி என்பவர் கொழுந்து பறிப்பவர், எங்கள் லயத்தில் கடைசிக் காம்பரா. முன்பு என்னைக் கூத்தாடிச்சி என்று ஏசியவர்களில் அவரும் ஒருவர். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்:

"விடிய முந்தியே கங்காணி லயத்துக்கு வந்து, எதுக்குடி கை தட்டுனீங்கன்னு கேட்டாரு. நாடகத்துக்குன்னு சொன்னா விட்டுருப்பாரு. குத்துனதுக்குத்தான் தட்டுனோம்னு எல்லாரும் சொல்லிப்புட்டோம். கொழுந்து நிறுக்கையில எங்க மேல படுற கையெல்லாம் தவறித்தான் படுதாம், கேட்டா அப்படித்தான் சொல்றானுக. நீயும் கை தவறிடுச்சுன்னு மட்டும் சொல்லிராத தாயி."

சார்ஜன்ட் சூசைரட்ணம் அவர்கள் நல்ல மனிதர். இதை எல்லாம் எழுதிய பிறகு பேனாவை வைத்துவிட்டு, "தங்கச்சி, யோசிச்சுச் சொல்லுங்க. தவறுதலா நடந்ததுன்னு ஒரு வரி சேத்துக்கிட்டா வழக்கே வராது" என்றார். யோசித்தேன். சேர்க்க வேண்டாம் என்று சொன்னேன்.

ஹட்டன் மேடை அழகனுக்குப் போகட்டும். மெடலைச் சான்றுப் பொருளாக இந்த நிலையத்தில் வைத்திருக்கிறார்கள். வழக்கு முடிந்ததும் அதை முதலாளியின் கையிலேயே கொடுக்க வேண்டும், அது எப்போதும் அவருடைய மெடல்தான். கோர்ட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்: நான் பார்த்துத்தான் குத்தினேன்.

இதில் உள்ளது எல்லாம் நான் என் வாயால் சொன்னது. எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எவரும் பயமுறுத்தி வாங்கவில்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நானும் வாங்கி ஒரு முறை வாசித்துப் பார்த்தேன். அத்தனையும் உண்மை. என் கை தவறவில்லை.

என் தகப்பனார் உயிரோடு இருந்தவரை அவர் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்குப் போடுகிறேன்.

(ஒப்பம்) அமிர்தநாதன் பெற்றீசியா

என் முன்னிலையில் ஒப்பமிடப்பட்டது.
(ஒப்பம்) சூசைரட்ணம், பொலிஸ் சார்ஜன்ட்