பொய்க்காலும் பாரை மீனும்

ஹலோ... ஹலோ... றிபாத்தா? ஓம், ஓம், சொல்லு... வஅலைக்கும் ஸலாம்... எங்க நிப்பன்? மாவடிப்பள்ளி ரோட்டுலதான் நிக்கன். ரெண்டு பக்கமும் வயல், நடுவுல உன்ட லொறி, லொறிக்குப் பக்கத்துல உன்ட மச்சான்... ஓம், ரெண்டு காலோடதான். ஒண்டு உம்மா பெத்தது, மற்றது ஆஸ்பத்திரி தந்தது. ரெண்டும் வெயில்ல காயுது.

...

இன்னும் முடியல்ல. பாதிதான் முடிஞ்சிரிக்கி... ஓம், அவர்தான், நல்லரெத்தினம் சேர்தான் சோதின எடுக்கார். அந்தா, கடையடியில பிளேன்டி குடிக்கார். ஏறி இறங்கிக் காட்டு எண்டார், காட்டினன். ரிவர்ஸ் எடு எண்டார், வயலுக்குள்ள விழாம எடுத்தன். இனி ரெண்டு விசயம்தான் மிச்சம். பாலத்து ஏத்தத்துல நிப்பாட்டி, பின்னால உருளாம எடுக்கணும். மற்றது, அவர் நினைச்ச நேரம் டேஷ்போட்டுல கையால அடிப்பார், நான் சடன் பிறேக் அடிக்கணும். ரெண்டும் சரி வந்தா பாரவாகன லைசன் கையில. பிழைச்சா...

...

பிழைச்சா என்ன செய்யிற? உன்ட மீன் கடைக்கு முன்னால ஒரு கதிரையப் போட்டுக் குந்தி இரிக்கன். வாற போற ஆக்களுக்கு ஸலாம் சொல்லிக்கிட்டு, மீனுல மொய்க்கிற இலையான் துரத்திக்கிட்டு. நாப்பத்தாறு வயசுல நல்ல தொழில்.

...

பயமா? எனக்கென்னத்துக்குப் பயம்... சரி, கொஞ்சம் இரிக்கி. இரிக்கிதான். சோதினைக்கில்ல, உன்ட யோசனைக்குத்தான் பயம்.

...

பின்ன? மெடிக்கலுக்குப் போகக்குள்ள ஆர் யோசன சொன்ன? காலக் காட்டாத மச்சான், கழுசானும் சப்பாத்தும் போட்டுட்டுப் போ, ஒருத்தருக்கும் விளங்காது எண்டாய். பொய்க்கால்ல சப்பாத்து நிக்காது எண்டா, நாலு ஆணி அடிச்சும் தந்தாய். டொக்டர்ட வாசல்ல என்ன எழுதி இரிந்த? செருப்பக் கழட்டிட்டு வரட்டாம். நம்மட ஊருல எந்த வாசல்ல மச்சான் செருப்போட உள்ள விட்டிரிக்கானுகள்? அஞ்சு நேரம் பள்ளிவாசல்ல கழட்டுறவன் நீ, இது ஞாபகம் வரல்லயா?

...

ஓம், ஓம், சிரி. நல்லாச் சிரி. வரிசையில எல்லாரும் கழட்டிட்டுப் போறானுகள், நான் ஒத்தச் சப்பாத்தோட மல்லுக்கட்டுறன். அந்த நேர்ஸ் மிஸ், பாவம், நல்ல புள்ள, குனிஞ்சு உதவிக்கு இழுத்தா. சப்பாத்து வரல்ல. கால் வந்துட்டு. அந்தப் புள்ள போட்ட சத்தத்துல மெடிக்கலுக்கு வந்த பாதிப்பேர்ட பிறசர் ஏறிட்டு.

...

டொக்டர் ஏசல்ல. அவ நல்ல மனிசி. கால இழந்தத ஏன் ஒளிக்காய், ஓடத் தெரிஞ்சா ஓடிக் காட்டு எண்டுதான் கடிதம் தந்தா. நாலு வருசமா முழங்காலுக்குக் கீழ இல்லாமத்தான் மகியங்கன மலை வளைவால நெல்லு ஏத்தி இறக்கிறன் எண்டு சொல்ல வந்து, வாய மூடிட்டன். அதச் சொன்னா லைசன் இல்லாம ஓட விட்டதுக்கு உனக்கும்தான் வழக்கு.

...

சரி சரி, அத விடு. உன்ட ராத்தா, என்ட பொஞ்சாதி என்ன செய்யிறா?... ஓம், காலையில அவதான் ஓதி ஊதி அனுப்பின. ஜும்ஆவுக்கு நேரா வருவன் எண்டு சட்டைக்கு அத்தர் பூசினா. மறுகா குனிஞ்சு பொய்க்காலுக்கும் பூசினா. ஜுனைதாக்கு அந்தக் கால்ல என்னை விடப் பாசம்.

...

மணமா? ஏன் கேக்காய்?... ஓம், சேர் ஏறினதுல இருந்து மூக்கச் சுருக்கிக்கிட்டுத்தான் இரிந்தார். நான் நினைச்சன், கிழம முழுக்க ஒலுவில் துறைமுகத்துல மீன் ஏத்தின லொறி, மணக்கத்தானே செய்யும் எண்டு... என்ன?... என்ன வெச்சிரிக்காய்?... எங்க?

...

நில்லு, கதவத் திறக்கன்... சீட்டுக்குப் பின்னாலயா?... சாக்குப் போட்டு மூடி... அட அல்லாஹ்வே! றிபாத்! ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி! இது எப்ப வெச்சாய்?... மூணு பாரையா? ஒவ்வொண்டும் கைக்குழந்தப் புள்ள மாதிரி இரிக்கி!

...

சேருக்கா? முடியக்குள்ள நான் கையில குடுக்கணுமா?... ஹதியாவா? டேய், ஹதியா எண்டா ஆக்கள் பாக்கக் குடுக்கிற அன்பளிப்பு. சாக்குப் போட்டு மூடி சீட்டுக்குப் பின்னால ஒளிக்கிற சாமானுக்கு வேற பேர் இரிக்கி. அத நான் ஜும்ஆக்குப் போற வாயால சொல்ல மாட்டன்.

...

இல்ல, நான் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லு. இண்டைக்கு என்ன கிழம?... ஓம், வெள்ளி. நமக்கு ஜும்ஆ. அவருக்கு?... மனிசன் நெத்தி நிறையத் திருநீறோட வந்திரிக்கார். கடையில வடைய எடுத்துட்டு, இறால் போட்டதா எண்டு கேட்டுத் திருப்பி வெச்சவர். இருவது வருசமா மீன் விக்கிறாய். பாண்டிருப்புத் தமிழ் ஆக்கள் வெள்ளிக்கிழம உன்ட கடைப் பக்கம் திரும்பியும் பாக்காததக் காணல்லயா? அண்டைக்குத்தானே நீ கடையப் பூட்டிட்டுப் படுக்கிற! இந்தக் கல்முனையில வெள்ளிக்கிழம சைவக்காரருக்கு மீன் குடுக்கப் போன முதல் மீன் யாவாரி நீதான் மச்சான்.

...

நல்ல எண்ணத்துலயா? ஓம், உன்ட எண்ணம் எனக்கு விளங்குது. என்ட கால் பிழைச்சிரும் எண்டு நினைச்சாய். அதான் மீன அனுப்பினாய்.

...

பொய் சொல்லாத, றிபாத். நான் இப்ப பகிடி விடல்ல. ஜெக்கு சறுக்கிக் கால் போனதுக்குப் பிறகு, நாலு வருசத்துல ஒரு நாளாவது என்ட பக்கத்துல ஏறி வந்திரிக்காயா? கொழும்புக்குப் போறெண்டா பஸ்ஸுல வாறாய். அம்பாறைக்குப் போறெண்டா மோட்டார் சைக்கிள்ல பின்னால வாறாய். மழை பெய்யுது, வா உள்ள ஏறு எண்டு கூப்பிட்டா, நனையிறது உடம்புக்கு நல்லம் எண்டாய். எனக்கு விளங்கல்ல எண்டா நினைச்ச? உன்ட நெல்ல நம்பித் தந்தாய், உன்ட மீன நம்பித் தந்தாய். உன்ட உடம்ப மட்டும் தரல்ல.

...

...

அழாத. ஆம்பிள அழுறதப் போன்ல கேக்க ஏலாது... சரி, வுடு. பெட்டிய இறக்கி வயலுக்குள்ள வைக்கன், நீ வந்து... ஐயோ, சேர் வாறார். வாயத் தொடச்சிக்கிட்டு வாறார். இனி இறக்க ஏலாது. கேளு, போனை வெட்டாத. சட்டப் பைக்குள்ள போடுறன். வாயத் திறக்காத, மூச்சும் விடாத. இண்டைக்கு நீ என்னோட ஏறி வாறாய், விளங்கினதா? ஒத்தக் கால் எப்படி ஓடுது எண்டு கேளு.

...

வாங்க சேர்... இல்ல சேர், வீட்டு ஆக்களோடதான் கதைச்சன். வெச்சிட்டன் சேர்... ஏறுங்க, இந்தக் கம்பியப் பிடிங்க... மணமா? மீன் லொறிதானே சேர்... ஓம் சேர், பெல்ட்டு போட்டுட்டன். நீங்களும் போடுங்க சேர். இல்ல, சும்மா சொன்னன், நல்லதுதானே.

...

கிளச்சுக்கு இந்தக் கால்தான் சேர்... இல்ல சேர், உணர்ச்சி இல்லதான். காலுக்குத் தெரியாதத முழங்கால் சொல்லும். முழங்கால் மறந்தா எஞ்சின் கத்தும். நாலு வருசமா எனக்கு எஞ்சின்தான் சேர் கால்... வெறுங்காலோடதான் சேர் ஓடுற. நம்மட பக்கத்துல ஆர் சேர் சப்பாத்துப் போட்டு லொறி ஓடின?

...

கால் போனது ஓடக்குள்ள இல்ல சேர். டயர் மாத்தக்குள்ள. நெல் மூட்டையோட நிண்ட லொறி, ஜெக்கு சறுக்கிட்டு. ஓடுற லொறி இண்டு வரைக்கும் என்ன ஒண்டும் செய்யல்ல. நிண்டதுதான் செஞ்ச.

...

ஓம் சேர், பாலம் தெரியுது. மூணாம் கியர்ல போறன்... ரெண்டு... ஏத்தத்துல எங்க சேர் நிப்பாட்ட, அந்தக் கல்லடியிலயா, இல்லாட்டி... யா அல்லாஹ்!

...

சேர்... சேர்? அடி பட்டதா சேர்?... நிக்குது சேர், லொறி அசையல்ல. நீங்க டேஷ்போட்டுல அடிச்ச கை இன்னும் அங்கதான் இரிக்கி, எடுங்க... அது... அது பாரை சேர், சீட்டுக்குப் பின்னால இரிந்த பெட்டி உடைஞ்சிட்டு... ஓம், மடியில கிடக்கிறதும் பாரைதான்... தெரியும் சேர், இண்டைக்கு வெள்ளி எண்டு தெரியும்... விரதமா சேர்? அதுவும் தெரியும் சேர்.

...

சத்தமா? எங்க சேர்?... என்ட நெஞ்சுக்குள்ள இருந்தா?... பொறுங்க சேர், அதப் பிறகு சொல்றன். இப்ப ஒரு வேலை இரிக்கி. எஞ்சின் நிண்டுட்டு. கிளச் முழுக்க இறங்கல்ல... பின்னால பஸ் ஒண்டு ஒட்டி நிக்குது, ஹோன் அடிக்கான். ஹேண்ட் பிறேக் போட்டிரிக்கன், வலது கால் பிறேக்குல இரிக்கி, உருளாது. பயப்பிடாதீங்க... ஆ, கண்டுட்டன். மூணாவது மீன். கிளச்சுக்கு அடியில போய்ச் செருகிட்டு.

...

இல்ல இல்ல, நீங்க இறங்க வேணாம் சேர்! அந்தப் பக்கம் கதவத் திறந்தா வாய்க்கால்... கீழ கைய விடாதீங்க சேர்! பாரை வால்ல வாள் மாதிரி முள்ளு, கிழிச்சுப் போடும். பிறேக்க விட்டுட்டு நானும் குனிய ஏலாது. இருங்க, காலால தோண்டுறன்... குத்தட்டுமே சேர். றப்பருக்கு நோகுமா?

...

கொஞ்சம்... வருது... வருது... இந்தா. பாருங்க, முள்ளு பாதத்துக்குள்ள ஏறி மீனே காலோட வந்துட்டு. சொந்தக் காலா இருந்தா இப்ப ஆஸ்பத்திரி... உதறிட்டன் சேர். கிளச் இறங்குது. எடுக்கவா?... மடியில மீனோடயா சேர்?... ஓம் சேர். பிஸ்மில்லாஹ்.

...

...

கண்ணாடியப் பாருங்க சேர். ஒரு அங்குலம் பின்னால போகல்ல. பஸ்காரன்ட மூஞ்சி அந்த இடத்துலயே இரிக்கி... இங்க ஓரமா நிப்பாட்டவா? சரி சேர்.

...

ஓம் சேர். போன்தான். பைக்குள்ள இரிக்கி. வெட்டல்ல... வெச்சிட்டன் எண்டு சொன்னது பொய்தான் சேர்... லொறிச் சொந்தக்காரர். என்ட பொஞ்சாதிர தம்பி. மீனையும் அவர்தான் வெச்ச... எனக்குத் தெரியும் சேர். நீங்க தேத்தண்ணி குடிக்கக்குள்ளதான் தெரிய வந்த. ஆனா தெரியும். தெரியா எண்டு சொல்ல மாட்டன். ஒளிக்கப் போய் ஒளிக்கப் போய் எனக்கு அலுத்துட்டு சேர். பிழை எண்டா என்ட பேர வெட்டிப் போடுங்க.

...

...

றிபாத்... கேக்குதா? மெல்லக் கதைக்கன். சேர் எழுதுறார்... தெரியா. மூஞ்சியில ஒண்டும் தெரியுதில்ல, திருநீறு மட்டும்தான் தெரியுது. கழுசான் முழுக்க மீன் தண்ணி... நீ ஓதாத, சேருக்குக் கேக்கும்... நில்லு, தாளத் தாறார்.

...

வாசிக்கட்டா சேர்?... செயற்கைக் கால் அணிந்து பாரவாகனம் செலுத்தத் தகுதி உண்டு... அல்ஹம்துலில்லாஹ்... லொறி மட்டும். பஸ்ஸுக்கு இல்லையா சேர்?... ஆறு மாசம் கழிச்சு வரவா? வாறன் சேர். இன்னும் ஒண்டு எழுதியிரிக்கீங்க, எழுத்து விளங்கல்ல... சாரதி ஆசனத்தின் பின்புறம் மீன் ஏற்றக் கூடாது. ஓம் சேர். நியாயம்தான் சேர்.

...

றிபாத், கேட்டியா? கிடைச்சிட்டு மச்சான்! ராத்தாட்டச் சொல்லு, அத்தர் பூசின கால்தான் காப்பாத்தின எண்டு... ஓம்... ஓம்... அழுதது காணும். நாளைக்குக் கொழும்புக்கு லோட், முன் சீட்டுல நீ ஏறி வாறாய், விளங்கினதா?... இனிப் பஸ், மோட்டார் சைக்கிள் எண்டு சாட்டுச் சொல்லாத... நில்லு, சேர் என்னவோ கேக்கார்... என்ன சேர்?... ஓம் சேர், இந்தா தாறன்.

...

மச்சான், சேர் உன்னோட ரெண்டு வார்த்த கதைக்கணுமாம்... மீனப் பத்தியாத்தான் இரிக்கும்... தெரியா, நீ அவர்ட கழுசானப் பாத்திரிந்தா இப்படிக் கேக்க மாட்டாய்... நல்ல மாதிரிக் கதை, மன்னிப்புக் கேளு. போனைக் குடுக்கன்... ஹலோ?... ஹலோ, றிபாத்?...

வெச்சிட்டான் சேர். ரெண்டு காலும் உள்ளவன், ஓடிட்டான்.