சான் பெட்ரோ போகும் பஸ்

— கொஞ்சம் நகர்ந்து உட்காரு, துனியா. சந்தைலேர்ந்து வீட்டுக்கு ஓடி, வீட்டுலேர்ந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்திருக்கேன். முட்டி ரெண்டும் போச்சு.

— யாரு சொன்னா உங்களுக்கு?

— பழக்கடை ஓட்டிலியா. 'டோன்யா எர்சிலியா, உங்க வளர்ப்புப் பொண்ணு பையோட போகுது'ன்னா. ஊருக்கே தெரியுது, எனக்குத்தான் தெரியல. என் தலையெழுத்து.

— லெட்டர் எழுதி வச்சிருந்தேனே, டோன்யா.

— பார்த்தேன். 'நன்றி. குழாய் சரி பண்ணிட்டேன்.' மூணு வருஷத்துக்கு ரெண்டு வரி.

— ஒழுகிட்டே இருந்துச்சு.

— ஒழுகட்டும்! இந்தா, பலேயாடா ரொட்டி. பீன்ஸ் நிறைய வச்சிருக்கேன். சூடு இருக்கும்போதே தின்னு.

— பசிக்கல.

— சான் பெட்ரோவுல யாரு இருக்கா உனக்கு?

— தையல் ஃபேக்டரியில ஆள் எடுக்குறாங்க.

— குழாய் வேலைப் படிப்பு முடிய இன்னும் ஒன்பது வாரம்தான். இருபது பசங்க நடுவுல ஒத்தப் பொண்ணா நின்னு படிச்சிட்டு, இப்போ பட்டன் தைக்கப் போறியா?

— விடுங்க. இன்னையோட எனக்குப் பதினெட்டு. குழந்தைகள் நல ஆபீஸ் பேப்பர் முடிஞ்சுபோச்சு. நான் உங்க பொறுப்பு இல்ல.

— உனக்கு முன்னாடி நாலு பேரை வளர்த்தேன். நாலும் இப்படித்தான், பதினெட்டு ஆனதும் பையைத் தூக்கிச்சு. நான் வாசல்ல நின்னு கையாட்டினேன். அஞ்சாவது தடவை கையாட்ட எனக்குத் தெம்பு இல்லடி.

— சான் பெட்ரோ! சான் பெட்ரோ! பையை மேல போடவா?

— போடாதப்பா, இரு. பேசிக்கிட்டிருக்கோம்.

— பத்து நிமிஷத்துல வண்டி எடுத்துருவோம். அப்புறம் என்னைத் திட்டாதீங்க.

— சொல்லு துனியா. நான் ஏதும் குறை வச்சேனா?

— அய்யோ, அதெல்லாம் இல்ல. போன வாரம் ஆபீஸ்காரம்மா வந்தாங்கல்ல? ஒரு பையனைப் பத்திப் பேசினாங்க. நான் அடுப்பாண்ட இருந்தேன்.

— எடினைப் பத்தியா? மூணு வளர்ப்பு வீட்டுலேர்ந்து ஓடிப்போன பதிமூணு வயசுப் பையன். முடியாதுன்னுட்டேனே.

— ஏன் அப்படிச் சொன்னீங்க?

— பிள்ளைக்குத் தனிக் கட்டில் இருக்கணும்னு சட்டம். நம்ம வீட்டுல இருக்குறதே ரெண்டு. ஒண்ணு என்னுது, ஒண்ணு உன்னுது. உன்னுதை எப்படி எடுத்துக் குடுப்பேன்?

— அதான் கிளம்புறேன்.

— என்னது?

— நேத்தே ஆபீஸ்ல சொல்லிட்டேன். நான் போறேன், கட்டில் காலி, டோன்யாகிட்ட மறுபடியும் கேளுங்கன்னு.

— யாரோ ஒருத்தனுக்காகவா?

— யாரோ இல்ல. எங்கம்மா போனப்புறம் அப்பாவுக்கு இன்னொரு வீடு. எடினைத் தன் பேருல பதியவே இல்ல அவரு. அப்பாவும் அவன் அம்மாவும் ஒரே விபத்துல செத்தாங்க. அவன் என் தம்பின்னு எந்தப் பேப்பர்லயும் கிடையாது. ஓடிப்போனான், ஓடிப்போனான்னு சொல்றாங்களே, எங்க ஓடி வந்தான் தெரியுமா? என் ஸ்கூல் வாசலுக்கு.

— மூணு தடவையுமா?

— மூணு தடவையும். நான்தான் திட்டித் திட்டித் திரும்பக் கொண்டுபோய் விட்டேன்.

— ஏன்டி என்கிட்ட சொல்லல?

— சொன்னா, ரெண்டு பேர்ல யாருன்னு நீங்க யோசிக்கணும். நீங்க ஏற்கெனவே களைச்சுப் போயிருக்கீங்க, டோன்யா.

— களைப்பு என் களைப்பு. அதை நீ பார்க்காதே. ஆபீஸை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?

— எட்டுக்கு. எதுக்கு? வண்டி கிளம்பப்போகுது. கட்டில் இன்னமும் ரெண்டுதானே?

— சட்டம் பிள்ளைக்குத்தான் தனிக் கட்டில் கேக்குது. நீ இன்னையிலேர்ந்து பிள்ளை இல்ல. என் கட்டில்லயே படுத்துக்கோ. குறட்டை விடுவேன், பொறுத்துக்கணும்.