பல் இல்லாத சாவி

திருவண்ணாமலையில் சாவியைத் தொலைத்தவர்கள் முதலில் அண்ணாமலையாரை வேண்டிக்கொள்வார்கள், அப்புறம் என்னிடம் வருவார்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருடமாகச் சாவிக்கடை வைத்திருக்கிறேன். பெயர் கோதண்டராமன். கடைக்கு மேலே பலகையில், ‘பூட்டின் சொந்தக்காரர் வராமல் சாவி வெட்டித் தரப்படாது’ என்று எழுதி மாட்டியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆகவே அருண்பிரசாத்தின் செத்த கைக்குள் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு, இது எந்தப் பூட்டுடையது என்று கேட்க நீங்கள் என் கடைக்கு வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

இந்தச் சாவிக்குப் பல் கிடையாது. சாதாரணச் சாவிக்கு விளிம்பில் ரம்பம் போலப் பல் இருக்கும். இதிலோ தட்டையான இரண்டு பக்கத்திலும் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள்தான். நம் ஊரில் இதை வாங்குகிறவர்கள் கம்மி. அந்த வீட்டில் எந்தப் பூட்டிலும் இது திரும்பவில்லை என்று குழம்பிப் போயிருக்கிறீர்கள். சாவியில் கோளாறு இல்லை. இதற்கான பூட்டு அங்கே இல்லை. அதன் சிலிண்டர், சாவி நுழைந்து திரும்புகிற உருளை, என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

சிலிண்டரைக் கழற்றுவது பெரிய வித்தை இல்லை. கதவின் விளிம்பில், சாவித் துளைக்கு நேராக, நீளமான ஒரு திருகாணி இருக்கும். அதை எடுத்துவிட்டுச் சாவியைக் கொஞ்சமாகத் திருப்பிப் பிடித்துத் தள்ளினால், மொத்தமும் கைக்கு வந்துவிடும். ஒரு முனையில் சாவித் துளை, மறு முனையில் கையால் திருப்பும் குமிழ். குமிழ் அறைக்கு உள்ளே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் சாவி இல்லாமலே திறந்துகொண்டு வர வேண்டும் அல்லவா.

வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடிபோனபோது, அருண்பிரசாத் அதைத் தலைகீழாகப் போடச் சொன்னார். அவர் என் தங்கை ஆதிலட்சுமியின் புருஷன். “அவ தூக்கத்துல எழுந்து நடக்குறா மச்சான். குமிழ் வெளிய இருக்கட்டும்” என்றார். வீட்டின் பின்னறை அது. ஜன்னல் இல்லை, குழாய் இல்லை, மேலே கையகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம் மட்டும். ஆதி எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். சின்ன வயதில் பக்கத்துப் பாயில் படுத்தவள். ஒருநாளும் அவள் தூக்கத்தில் எழுந்து நடந்ததில்லை. கட்டினவனுக்குத் தெரியாதது நமக்கென்ன தெரியும் என்று திருகாணியை முடுக்கிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் அவர் வேலைக்குப் போகும்போதெல்லாம் அவளை உள்ளே விட்டுக் குமிழைத் திருப்பிவிட்டுப் போயிருக்கிறார். உள்ளிருந்து திறக்கும் சாவி அவர் சாவிக்கொத்தில். அக்கம்பக்கத்தில் யாரோடும் அவள் பேசக்கூடாதாம்.

போன தைப் பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பிருந்தே அவளுக்கு வயிற்றுவலி. பௌர்ணமியன்று அவளைப் பூட்டிவிட்டு நண்பர்களோடு கிரிவலம் போனார். பதினாலு கிலோமீட்டர் நடந்திருக்கிறார். அடி அண்ணாமலையில் சுண்டல் வாங்கித் தின்றிருக்கிறார். ஒவ்வொரு லிங்கத்துக்கும் கற்பூரம் ஏற்றியிருக்கிறார். புண்ணியத்தையெல்லாம் கட்டிக்கொண்டு மறுநாள் காலை வந்து திறந்தபோது அவள் கதவடியில் கிடந்தாள். குடல்வால் வெடித்திருந்தது என்றார்கள். கதவின் உள்பக்கம் பெயிண்ட் உரிந்திருந்தது. அவள் நகங்களை நான் பார்த்தேன். கூடியிருந்த அத்தனை பேரும் விதி என்றார்கள். விதி வந்தா திருகாணி முடுக்கியது? பூட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் அவன் மேல் மட்டும்தான், வேறு யார் மேலும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சித்திரையில் அவனே போன் செய்தான். “பொண்ணு வூட்டுக்காரங்க வெள்ளிக்கிழமை வராங்க மச்சான். அந்தக் குமிழை உள்பக்கமா மாத்திக் குடுத்துடு. பாத்தா ஒரு மாதிரி நெனப்பாங்க” என்றான். மூணு மாசம்கூட முழுசாக ஆகவில்லை. சரி மாப்ளே, வரேன் என்றேன்.

சித்ரா பௌர்ணமி காலையில் போனேன். அவன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். வேலைக்காரன் வேலையை யார் பார்க்கிறார்கள். பழைய சிலிண்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அதே கம்பெனியில் வேறொன்றைப் பொருத்தினேன். இதிலும் குமிழை வெளிப்பக்கமே வைத்தேன். பிறகு அவனைக் கூப்பிட்டு, குமிழைக் கடைசியாகத்தான் மாற்ற வேண்டும், முதலில் சாவி சரியாகத் திரும்புகிறதா என்று கதவைச் சாத்திக்கொண்டு பாருங்கள் என்று சொல்லி, இந்தச் சாவியைக் கையில் கொடுத்தேன். உள்ளே போனான். நான் குமிழைத் திருப்பினேன். அதே கம்பெனி என்பதால் சாவி துளைக்குள் போகும். திரும்பாது.

அவன் போன் கூடத்தில் சார்ஜில் இருந்தது. மெயினை அணைத்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருப்பது வீண் செலவு. ஆணியில் தொங்கிய வாசல் சாவியை எடுத்துப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். வேலூர் ரோடு முழுக்க ஜனம், ஒலிபெருக்கி, அரோகரா. அதற்குள் ஒருவன் கத்துவது எங்கே கேட்கும். பக்கத்து வீட்டுத் தனம் மறுநாள் விசாரித்தபோது, மாப்பிள்ளை பெண் பார்க்கப் போயிருக்கிறார் என்றேன்.

மறுநாள் மத்தியானம் போய் அந்தக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அக்னி நட்சத்திர வெயில், உங்களுக்கே தெரியும்.

“மச்சான், ஒரு வாய் தண்ணி. கதவத் தொற மச்சான்.”

“சாவி உங்க கையிலதான மாப்ளே இருக்கு. தொறந்துக்குங்க.”

மூன்றாம் நாளும் போனேன். சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான்காம் நாள் அதுவும் இல்லை. அவனைக் கொன்றது நான்தான். அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

இனி சாவி. அது ஆதி கேட்ட சாவி. அவன் குளிக்கப் போன நேரத்தில் நாள்காட்டித் தாளைக் கிழித்து, சாவி மேல் வைத்து, பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்திருக்கிறாள். இரண்டு பக்கமும் அழகாக விழுந்திருந்தது. குழியின் அகலத்தைப் பார்த்தே அதன் ஆழத்தை நான் சொல்லிவிடுவேன். ஓரத்தில், ‘அண்ணா, இதே மாதிரி ஒண்ணு சீக்கிரம் வெட்டிக் குடு. அவர்கிட்ட சொல்லாத’ என்று எழுதியிருந்தாள், இதோ அந்தத் தாள். தனம்தான் பூக்கூடையில் ஒளித்துக் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். பார்த்ததுமே எந்தப் பூட்டு என்று தெரிந்துவிட்டது. நானே மாட்டியது அல்லவா. வெட்டுவதற்கு இருபது நிமிடம் போதும். அவளுடைய காரியமெல்லாம் முடிந்த மறுநாள் உட்கார்ந்து வெட்டினேன். என் கைவேலையில் இதுதான் நயமானது.

நீங்கள் அந்தத் தாளில் உள்ள தேதியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள். ஆமாம், தை ஏழு. அவள் செத்தது தை இருபத்தொன்பது. நடுவில் இருபத்திரண்டு நாள் அந்தத் தாள் என் இழுப்பறையில்தான் மடித்துக் கிடந்தது. அதை ஏன் கேட்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை ஐயா. வீடு அவனுடையது, பூட்டு அவனுடையது. சொந்தக்காரன் வந்து கேட்காமல் எப்படி வெட்டித் தருவது? பலகையில்தான் எழுதிப் போட்டிருக்கிறேனே. கொலை செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பத்தொன்பது வருடத்தில் தொழிலில் மட்டும் நான் ஒரு தப்பும் செய்ததில்லை.