பிரித்த நூல்

சாயக்காரி: வாங்க வரலம்மா. விற்பனைக்கு இல்லன்னுதான் சீட்டு ஒட்டியிருக்கீங்களே. இந்தத் தொப்பிக்கு நூல் எங்க வாங்கினீங்கன்னு கேக்கறேன்.

தொப்பிக்காரி: அதான் சொன்னேனே அக்கா... கடையில.

சாயக்காரி: எந்தக் கடை?

தொப்பிக்காரி: ஞாபகம் இல்ல. தொப்பித் திருவிழான்னு இந்த மண்டபம் பூரா முந்நூறு கம்பளித் தொப்பி தொங்குது. என் தொப்பி மேல மட்டும் ஏன் அவ்வளவு கண்ணு?

சாயக்காரி: ஒன்பதாம் நம்பர் கடை என்னோடது. நூலுக்குச் சாயம் காய்ச்சுறதுதான் என் பொழப்பு. காலையில இந்தப் பக்கமா வந்தப்ப இது கண்ணுல பட்டுச்சு. அதுலேருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல.

தொப்பிக்காரி: அவ்வளவு அழகாவா இருக்கு?

சாயக்காரி: அழகா... இந்த நிறமே ஒரு தப்புல வந்தது. வெங்காயத் தோல்ல காய்ச்சினா மஞ்சளா வரணும். அன்னிக்கு அவசரத்துல இரும்புச் சட்டியில ஏத்திட்டேன். பாசி மாதிரி இறங்கிடுச்சு, நடுவுல திட்டுத் திட்டா கறுப்பு வேற. விக்க முடியாதுன்னு ஆறு சிட்டம் நூலையும் வீட்டுக்கே தூக்கிட்டுப் போயிட்டேன்.

தொப்பிக்காரி: வேற யாரும் அதே தப்பப் பண்ணியிருக்கலாம்.

சாயக்காரி: பண்ணட்டும். ஆனா இது புது நூல் இல்லையே. இங்க பாருங்க, நெளி நெளியா... ஒரு தடவ பின்னிப் பிரிச்ச நூல். எதப் பிரிச்சீங்க?

தொப்பிக்காரி: ஒரு பழைய ஸ்வெட்டர்.

சாயக்காரி: ஆம்பள ஸ்வெட்டரா?

தொப்பிக்காரி: அக்கா, நீங்க சாயக்காரியா, போலீஸா?

சாயக்காரி: அந்த ஆறு சிட்டத்துலயும் என் வீட்டுக்காரருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். ரெண்டு குளிருக்குப் போட்டாரு. ஒருநாள் வெறும் சட்டையோட வந்து நின்னாரு. கேட்டா, பஸ்ஸுல விட்டுட்டேன்னாரு.

தொப்பிக்காரி: விட்டிருப்பாரு.

சாயக்காரி: நானும் நம்பினேன். டிப்போவுல போய்க் கேக்கறேன்னு கிளம்பினா, வேணாம் வேணாம்னு மல்லுக்கு நிக்கறாரு. ஒரு ஸ்வெட்டருக்கு மனுஷன் ஏன் இப்படிப் பதறணும்னு அன்னிக்கே உறுத்துச்சு...

பார்க்க வந்தவர்: ஏம்மா, இந்த நீலத் தொப்பி காத மூடுமா?

தொப்பிக்காரி: மூடும் சார். ஆனா வீட்ல பேசறது கேக்கும்.

பார்க்க வந்தவர்: அப்ப வேணாம்மா.

சாயக்காரி: சிரிக்காதீங்க. எனக்குப் பதில் வேணும். அவர உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

தொப்பிக்காரி: ...தெரியும்.

சாயக்காரி: எத்தன நாளா?

தொப்பிக்காரி: மெதுவா பேசுங்க. பக்கத்துக் கடையில ராட்டைய நிறுத்திட்டுக் கேக்கறாங்க.

சாயக்காரி: கேக்கட்டும். ஏழு மணிக்கு வீட்டுக்கு வர்ற மனுஷன் வியாழக்கிழமையானா ஒன்பதுக்கு வராரு. லோடு லேட்டுங்கறாரு. தட்டு வச்சா பசியில்லங்கறாரு. வியாழக்கிழமை அவரு யாரு வீட்ல சாப்பிடறாரு?

தொப்பிக்காரி: என் வீட்லதான்.

சாயக்காரி: இத என் மூஞ்சிக்கு நேரா சொல்ல உனக்கு...

தொப்பிக்காரி: உக்காருங்க. இப்படி ஸ்டூல்ல உக்காருங்க.

சாயக்காரி: என்னைத் தொடாத.

தொப்பிக்காரி: தொடல. நான் சொல்றதக் கேளுங்க. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல எனக்கு வேல. ஒருநாள் சோப்பு மூட்டை இறக்க வண்டி வந்துச்சு. சீட்டுல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டிரைவர் அதக் கையில வச்சுக்கிட்டு நகரவே இல்ல. 'இன்னும் அப்பா இனிஷியலத்தான் போட்டுக்கறியா'ன்னு கேட்டாரு. நிமிந்து பாத்தேன். பதினஞ்சு வருஷத்துல தலையெல்லாம் நரைச்சிருந்துச்சு, எங்க அண்ணனுக்கு.

சாயக்காரி: யாருக்கு?

தொப்பிக்காரி: அண்ணனுக்கு, அண்ணி. ஈரத்துல நின்னு நின்னு எனக்கு அப்ப ஓயாத இருமல். போட்டிருந்த ஸ்வெட்டரக் கழட்டித் தலைவழியா மாட்டிவிட்டாரு, சின்னதுல பள்ளிக்கூடத்துக்குக் கெளப்பி விடற மாதிரியே. முழங்கை ரெண்டும் பிஞ்சு போற வரைக்கும் போட்டேன். அப்புறந்தான் பிரிச்சேன்.

சாயக்காரி: நீ... வீட்ட விட்டுப் போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்ட பொண்ணு. உன் போட்டோ ஒண்ணுகூட அந்த வீட்ல இல்ல. எனக்கு எப்படித் தெரியும்? அவரு ஏன் எங்கிட்ட மறைச்சாரு?

தொப்பிக்காரி: நான்தான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்.

சாயக்காரி: அப்ப இந்தத் தொப்பிய ஏன் இங்க கொண்டாந்து தொங்க விட்ட? நான் கடை போடுவேன்னு தெரியாதா?

தொப்பிக்காரி: தெரிஞ்சுதான் தொங்க விட்டேன். நீங்களா தேடிக்கிட்டு வரணும்னுதான். உங்க முகத்தப் பாத்து ஒண்ணு கேக்கணும்.

சாயக்காரி: என்ன கேக்கணும்?

தொப்பிக்காரி: உங்களுக்குக் கல்யாணமான வருஷம் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கெடந்தாரு. இன்னும் பத்து நாள்தான்னு சொல்லிட்டாங்க. பக்கத்துல நிக்க எனக்குன்னு ஒரு ஆளில்ல. அண்ணன் பேருக்கு லெட்டர் போட்டேன். ஒரே ஒரு தடவ வந்து நில்லுங்க, போதும்னு எழுதினேன். பிரிக்காமலே திரும்பி வந்துச்சு. கவர் மேல 'இந்த வீட்டில் இப்படி ஒரு பெண் கிடையாது'ன்னு எழுதியிருந்துச்சு. அவர அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்குத்தான் என் கைக்குக் கெடச்சுது.

சாயக்காரி: அத உங்க அண்ணன்கிட்ட காட்டினியா?

தொப்பிக்காரி: காட்டல, வாயால சொன்னேன். காட்டினா எழுத்து யாரோடதுன்னு அவருக்குத் தெரிஞ்சுடுமோன்னு பயம். அம்மா வேலையா இருக்கும்னாரு. அம்மாவுக்குத் தன் பேர எழுதறதே பெரும்பாடு. யாரையாவது புடிச்சு எழுத வச்சிருப்பாங்கன்னாரு. அதுக்கு மேல அவரு யோசிக்கல. அம்மாவும் போய்ச் சேந்துட்டாங்க. பழிய அவங்க மேலயே போட்டுட்டு நான் நிம்மதியா இருந்துடுவேன். ஆமா, அத்தை சொல்லித்தான் யாரோ எழுதினாங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் நம்பிடறேன். அடுத்த தடவ அண்ணனோட நீங்களும் வாங்க, மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். சொல்லுங்க அண்ணி.

சாயக்காரி: அத்தைக்கு அந்த லெட்டர் வந்ததே தெரியாது. கல்யாணமாகி மூணு மாசம் எனக்கு. உன் பேச்ச எடுத்தாலே உங்கப்பா தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுடுவாரு. அந்த வீட்ல நல்ல பேரு வாங்கணும்னு எனக்கு ஒரு வெறி... எழுதினது நான். அப்புறம், அது பிரிக்காம வரல. பிரிச்சு, ரெண்டு தடவ படிச்சுட்டு, பசை போட்டு ஒட்டினதும் நான்தான்.