சிவப்புப் பக்கம்

— எத்தனை தடவை எந்திரிச்சு வாசலை எட்டிப் பார்ப்பீங்க, அண்ணி? செத்த நேரம் உக்காருங்க.

— இருப்புக் கொள்ளலை தம்பி. காலையில அந்த டீச்சரம்மா வந்து நின்னது கண்ணுக்குள்ளயே இருக்கு, மறுபடி வந்துடுவாங்களோனு பயம். ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகப்போற நேரம். அவங்க வீட்டுக்காரருக்கே தெரியாத ரத்த ரிப்போர்ட், ஸ்கூல் வாட்ஸ்அப்புல படமா சுத்துது. நம்ம லேப் பேரு மேல கொட்டை எழுத்துல.

— அதுக்காகக் கவுன்டர் பொண்ணை வேலையை விட்டு நிறுத்திட்டீங்க.

— வேற யாரு தம்பி? ரிப்போர்ட்டைத் தொடுறது நானும் அவளும்தான். கவுன்டர் சாவியை வச்சிட்டு, பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. நீங்க என்னத்தைத் தட்டிக்கிட்டே இருக்கீங்க?

— நம்ம ரிப்போர்ட் சர்வருக்குப் புது சர்டிஃபிகேட், இது நம்ம சர்வர்தான்னு பிரவுசருக்குக் காட்டுற அடையாள அட்டை மாதிரி. போன தடவை அவசரத்துல, சர்வர் இருக்கிற கம்ப்யூட்டருக்கு மட்டும் செல்லுற மாதிரி பேரைப் போட்டுட்டேன். உங்க மெஷின்ல திறந்தா பேரு ஒத்துப்போகாது. அதான் சிவப்பா எச்சரிக்கை வந்துச்சு.

— அதுல கையெழுத்து போடுறது யாரு?

— நானேதான்.

— தன் கல்யாணத்துக்குத் தானே சாட்சி. உங்க அண்ணனும் அப்படித்தான், நல்லவன்னு அவரே சொல்லிக்குவாரு.

— அண்ணனை விடுங்க. நானே போட்ட கையெழுத்தை வெளியாளு நம்ப மாட்டான். நம்ம மெஷின்கள்ல மட்டும் "இது நம்மாளு"னு ஏத்தி வைக்கணும். ஆரம்பத்துலயே செஞ்சிருக்கணும். சோம்பல்பட்டு, "சிவப்பு வந்தா பயப்படாதீங்க, அட்வான்ஸ்டு பட்டனை அமுக்கி உள்ளே போயிடுங்க"னு சொல்லிட்டுப் போயிட்டேன்.

— நான் அப்படித்தான் போறேன். அவதான் ஒவ்வொரு தடவையும் "மேடம், இது சரிதானா"னு கேட்டு உயிரை எடுப்பா.

— ம், முடிஞ்சுது. உங்க மெஷின்லயும் ஏத்தியாச்சு. திறந்து பாருங்க.

— அதே சிவப்புதான் தம்பி.

— வரக்கூடாதே. மூடிட்டுத் திறங்க.

— மூடிட்டுத்தான் திறந்தேன். நீங்களே வந்து பாருங்க.

— அண்ணி, இந்த அட்ரஸ் உங்களுக்கு எங்கிருந்து கிடைச்சுது?

— நீங்க போன வாரம் மெயில்ல அனுப்பினதுதான். "சர்வர் மாத்தியாச்சு, இனிமே ரிப்போர்ட்டை இதுல ஏத்துங்க"னு.

— நான் எந்த மெயிலும் அனுப்பலை.

— உங்க பேரு இருந்துச்சே.

— பேரை யாரு வேணா போட்டுக்கலாம். இது நம்ம சர்வரே இல்லை, ரிப்போர்ட்டைத் திருட யாரோ விரிச்ச வலை. இதுல என்னென்ன ஏத்தினீங்க?

— அன்னையில இருந்து எல்லாமே. டீச்சரம்மாவோடதும்.

— அந்தப் பொண்ணும் இதுலதான் ஏத்தினாளா?

— அவ தொடவே மாட்டேன்னுட்டா. "மேடம், இது ஏதோ சரியில்லை, தம்பிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க"ன்னா. வேலை செய்ய வலிக்குதானு எரிஞ்சு விழுந்தேன்.

— உங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வரலையா அண்ணி?

— எப்படி வரும் தம்பி? சிவப்பு வந்துச்சே. அதைப் பார்த்துத்தான் நீங்க செஞ்சதுனு நம்பினேன்.